432 ஹெர்ட்ஸும் ஒரு கிண்ணம் ரவையும்

காலையில ஆறே கால். பால் பாக்கெட்டைக் கூட இன்னும் வெட்டல. போன் கத்துது. குடும்ப குரூப்.

பெரியப்பா.

(முதல்லயே சொல்லிடறேன். எங்க பெரியப்பா தங்கமான மனுஷன். ஃபார்வர்டு பண்றதைத் தவிர வேற ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது.)

ஒரு வீடியோ. இரும்புத் தட்டு மேல மணல். '440 ஹெர்ட்ஸ்'னு எழுத்து வருது, மணல் அலங்கோலமா கிடக்கு. அடுத்து '432 ஹெர்ட்ஸ்'. அவ்வளவுதான், மணல் எல்லாம் ஓடி வந்து தாமரைப்பூ மாதிரி நிக்குது. பின்னாடி புல்லாங்குழல் வேற. கீழ எழுதியிருக்கு: பிரபஞ்சத்தோட அலைவரிசை 432, நம்ம முன்னோர்களுக்கு இது தெரியும், வெள்ளைக்காரன் வேணும்னே 440க்கு மாத்தி நம்ம நிம்மதியைக் கெடுத்துட்டான். பத்து பேருக்கு அனுப்பவும்.

சாதாரணமா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடுவேன். அன்னிக்கு முடியல. ஏன்னா முந்தின நாள் சாயந்திரம்தான் ஒரு கச்சேரியில, பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மைக்கைப் பிடிச்ச ஒருத்தர் கால் மணி நேரம் பேசினாரு. இந்த ராகம் கேட்டா சர்க்கரை இறங்கும், அந்த ராகம் கேட்டா ரத்தக் கொதிப்பு அடங்கும், எல்லாம் சயின்ஸ். பாட வந்தவங்க பாவம், தம்புரா சுருதியைக் கேட்டுக்கிட்டு தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. எனக்குப் பக்கத்து சீட்டு மாமி, கையில மாத்திரை டப்பா. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரல.

ரெண்டு நாள்ல ரெண்டு டோஸ். தாங்கல. பதில் போட்டுட்டேன்.

'பெரியப்பா, ஹெர்ட்ஸ்னா ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அதிருதுங்கிற கணக்கு. செகண்டை யாரு வெச்சது? ஒரு நாளை 24ஆப் பிரிச்சு, அதை 60ஆப் பிரிச்சு, அதையும் 60ஆப் பிரிச்ச மனுஷன். நம்ம முன்னோர்கள் செகண்டா வெச்சிருந்தாங்க? நாழிகை, விநாழிகைதானே? ஒரு விநாழிகைன்னா 24 செகண்டு. 432ஐ 24ஆல பெருக்குங்க. 10,368 வருது. பிரபஞ்சத்தோட நம்பர் இப்போ எங்க போச்சு?'

குரூப்ல மயான அமைதி. அத்தை மட்டும் ஒரு பூச்செண்டு போட்டாங்க. (யாருக்குன்னு இன்னும் தெரியல.)

440ம் சதியெல்லாம் இல்லைங்க. ஊருக்கு ஊர் ஆர்கெஸ்ட்ராக்காரங்க ஆளுக்கொரு சுருதி வெச்சிருந்தாங்க. சேர்ந்து வாசிக்கணும்னா ஒரு பொது அளவு வேணும். 1939ல லண்டன்ல கூடிப் பேசி 440னு வெச்சாங்க, 1955ல ஐஎஸ்ஓ அதையே தரமா எடுத்துக்கிச்சு. நம்ம ஊர்ல எல்லாத் துணியையும் மீட்டர்ல வெட்டறோமே, அது மாதிரி.

அதுவும் நம்ம சங்கீதத்துக்கு இந்தச் சண்டையே தேவையில்ல. நமக்கு 'ச' எங்க வேணும்னாலும் நிக்கும். பாடறவங்க தொண்டை எங்க சொல்லுதோ அங்க. ஒருத்தருக்குச் சுருதி ஒரு கட்டை, இன்னொருத்தருக்கு அஞ்சு, அஞ்சரை. ஜலதோஷம் பிடிச்சா அரைக் கட்டை கீழ. நாகஸ்வரத்துல உச்ச சுருதியில அலறிக்கிட்டிருந்த திமிரியை ஓரங்கட்டி, நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்து சுருதியைக் கீழ இறக்கினவரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. பிரபஞ்சத்தைக் கேட்டுட்டா இறக்கினாரு? காதைக் கேட்டுட்டு இறக்கினாரு.

சரி, வாய்ச் சவடால் போதும். அந்தத் தாமரைப்பூ மட்டும் மண்டைக்குள்ள நின்னுக்கிட்டே இருந்துச்சு. மணல் உண்மையிலேயே ஓடிச்சே? அதையும் பார்த்துடலாம்னு அன்னிக்கு மத்தியானம் சமையலறையைக் கையகப்படுத்தினேன்.

முதல் முயற்சி: எவர்சில்வர் கிண்ணம், மேல ஒரு பிளாஸ்டிக் கவரை இழுத்து ரப்பர் பேண்டு. மேல உப்புமா ரவை. பக்கத்துல ப்ளூடூத் ஸ்பீக்கர், போன்ல அலைவரிசையை மாத்தற ஒரு ஆப். 432 வெச்சேன். ரவை அசையவே இல்ல. 440. அதுவும் இல்ல. (உப்புமா மேல இருக்கிற கோபமோ என்னவோ.)

ரெண்டாவது: கவர் தொளதொளன்னு இருக்குன்னு புரிஞ்சுது. பையனோட பிறந்தநாள் பலூன் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. வாயை வெட்டி, கிண்ணத்து மேல மேளத்துக்குத் தோல் கட்டற மாதிரி இழுத்துக் கட்டினேன். பட்டுன்னு கிழிஞ்சு கன்னத்துல அடிச்சுது.

மூணாவது: இன்னொரு பலூன். (பையன் அழுதான். அது தனிக் கதை.) இந்தத் தடவை ரவையைச் சல்லடையில சலிச்சு, மாவு மாதிரி இருந்ததை மட்டும் தூவினேன். ஸ்பீக்கரைக் கிண்ணத்துக்கு ஒட்டி வெச்சு, 100ல இருந்து மெதுவா ஏத்திக்கிட்டே போனேன். ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்ல... திடீர்னு ஒரு இடத்துல ரவை குதிக்க ஆரம்பிச்சுது! எறும்புப் புத்துல தண்ணி ஊத்தின மாதிரி ஒரு பரபரப்பு. அப்புறம் எல்லாம் ஒதுங்கி, நடுவுல ஒரு கோடு. சாமி சத்தியமா, வரைஞ்ச மாதிரி ஒரு கோடு. இன்னும் ஏத்தினா கோடு கலைஞ்சு, கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு வட்டம்.

அதிராம சும்மா நிக்கிற இடத்துல ரவை தங்குது, அதிர்ற இடத்துல இருந்து தெறிச்சு ஓடுது. அவ்வளவுதான் தாமரைப்பூ.

இப்போதான் முக்கியமான விஷயம். எந்த இடத்துல கோடு விழுந்துச்சோ அந்த நம்பரை எழுதி வெச்சுட்டு, பலூனை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அதே நம்பர்ல இப்போ ஒண்ணுமே வரல! கோடு வேற இடத்துக்குப் போயிடுச்சு, இன்னும் மேல. பெரிய கிண்ணத்துக்கு மாத்தினா கீழ வந்துச்சு. அப்போ தாமரைப்பூ 432ல இல்ல. தட்டுல இருக்கு. அந்த வீடியோக்காரர் தன்னோட தட்டுக்கு எந்த நம்பர் ஒத்து வருதோ அதைப் பூன்னு காட்டிட்டு, ஒத்து வராததை வெள்ளைக்காரன் தலையில கட்டிட்டாரு. எனக்கு ஒரு பலூன் குடுத்தா 440ல பூவும் 432ல குப்பையும் காட்டறேன்.

இந்த ரவை வேலை எனக்கு முன்னாடி ஒருத்தர் பார்த்திருக்காரு. ரவை இல்ல, மணல். பலூன் இல்ல, மிருதங்கம். சர் சி.வி. ராமன்.

பள்ளிக்கூடத்துல ராமன்னா நமக்கு ஒளி, கடல் நீலம், நோபல் பரிசு 1930, பிப்ரவரி 28 அறிவியல் தினம். ஆனா அந்த மனுஷன் அதுக்கெல்லாம் முன்னாடியே சங்கீதப் பைத்தியம். வெறும் தோலை இழுத்துக் கட்டி அடிச்சா, அதுல கிளம்பற மேல் அதிர்வுகள் அடிச் சுரத்துக்கு ஒழுங்கான மடங்கா வராது. 1, 1.59, 2.14, 2.30ன்னு கோணல்மாணலா போகும். அதனாலதான் டமடமன்னு கேட்குதே தவிர சுரம் கேட்கறதில்ல. மிருதங்கத்தோட வலது பக்கம், வலந்தலையில, நடுவுல ஒரு கருப்பு வட்டம் இருக்கே, அந்தக் கனம் ஏறினதும் கதையே மாறுது. மேல் அதிர்வுகள் கிட்டத்தட்ட 1, 2, 3, 4, 5ன்னு வரிசையில வந்து நின்னுடுது. கம்பி வாத்தியம் மாதிரி. அதனாலதான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடியுது, 'நம்' அடிச்சா பாட்டோட ஒட்டுது. 1920லேயே நேச்சர் இதழ்ல இதை எழுதினாரு. 1934ல விரிவா, மணல் தூவி எடுத்த படங்களோட.

ராமன் அந்தக் கருப்பு வட்டத்தைக் கண்டுபிடிக்கல, ஏன் நடக்குதுன்னு சொன்னாரு. கண்டுபிடிச்சது பேர் தெரியாத எத்தனையோ கைங்க. சாதத்தோட கருப்பு நிறக் கல்பொடியைப் பிசைஞ்சு, ஒரு பூச்சு தேய்ச்சு, தட்டிக் கேட்டு, இன்னொரு பூச்சு தேய்ச்சு, மறுபடி தட்டிக் கேட்டு... தலைமுறை தலைமுறையா காதாலேயே போட்ட கணக்கு. அந்தக் கைங்க பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களோடது. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020ல எழுதின 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகம் முழுக்க அவங்களைப் பத்தித்தான். படிச்சதுக்கப்புறம் மேடையில மிருதங்கத்தைப் பார்க்கிற பார்வையே எனக்கு மாறிடுச்சு.

இன்னொரு பக்கம், தொப்பியில, கச்சேரிக்கு முன்னாடி என்ன ஒட்டுவாங்க தெரியுமா? ரவை! தண்ணி விட்டுப் பிசைஞ்ச ரவை. (உப்புமா விஷயத்துல நான் சொன்னதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன்.)

இப்படித் தயாரான மிருதங்கம் கச்சேரி நடுவுல தனியா பேசற அந்த இருபது நிமிஷம்தான் தனி ஆவர்த்தனம். அப்போ நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? கேன்டீனுக்குப் போறாங்க.

கீரை வடைக்கு நானும் அடிமைதான், மறைக்கல. நானே பத்து வருஷம் முன்னாடி தனி ஆரம்பிச்சதும் செருப்பைத் தேடினவதான். ஒரு நாள் க்யூ பெருசா இருந்ததால திரும்பி வந்து வாசல்லயே நின்னேன். மிருதங்க வித்வான் ஒரு சின்னக் கல்லை எடுத்து விளிம்புல மேல இருந்து கீழ ஒரு தட்டு. சுருதி ஒரு மயிரிழை ஏறுச்சு. சுத்தி வார் கோத்திருக்கிற ஒவ்வொரு கண்ணா தட்டிக்கிட்டே, இன்னொரு கையால வாசிச்சுப் பார்த்துக்கிட்டே, கூட்டம் எழுந்து போறதையும் பார்த்துக்கிட்டே... அந்த முகத்தை நான் மறக்கல. அதுல இருந்து தனிக்கு எழுந்திரிக்கிறதில்ல. வடை ஆறினா ஆறட்டும்.

நான் டிசம்பர்ல சபாவுக்கும் போவேன், 'மார்கழியில் மக்களிசை' விழாவுக்கும் போவேன். ஒண்ணுல ஏசி, இன்னொண்ணுல ஆட்டம். என் வீட்டுக்காரருக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் வர மாட்டாரு.

போன வாரம் பக்கத்துத் தெருவுல ஒரு விழா. ராத்திரி ஏழு மணி, பனி இறங்கிடுச்சு. மேடைக்குப் பின்னாடி பறை வாசிக்கிற தம்பிங்க நாலு பேர், பழைய பேப்பரையும் வைக்கோலையும் போட்டுத் தீ மூட்டி, பறையை அதுக்கு மேல காட்டிக்காட்டித் திருப்பறாங்க. அப்பளம் சுடற மாதிரி. நடுநடுவுல விரலால ஒரு சுண்டு. முதல்ல 'தொப்பு'. கொஞ்ச நேரத்துல 'தங்கு'. அப்புறம் 'டங்'!

ஒரு குட்டிப் பொண்ணு, ஆறு வயசு இருக்கும், கையில பஞ்சு மிட்டாய். "அண்ணா, ஏன் அதைக் கொளுத்தறீங்க?"

"கொளுத்தல பாப்பா. தோலு பனியைக் குடிச்சிருக்கு. குடிச்சவன் எப்படி நிப்பான்?"

"தள்ளாடுவாங்க." (எங்கிருந்து தெரியும்னு நான் கேட்கல.)

"அதான். சூடு காட்டினா தண்ணி போயிடும், வெறைப்பா நிப்பான். இப்போ அடி பாரு."

அவ அடிச்சா. டங்! பஞ்சு மிட்டாய் கீழ விழுந்துடுச்சு. கண்டுக்கவே இல்ல.

ஈரம் போனா தோலோட எடை குறையும், இறுக்கம் கூடும், ரெண்டுமே சுருதியை ஏத்தும். நான் பலூனை இறுக்கி அரை நாள் செலவு பண்ணிக் கண்டுபிடிச்சதை அந்தத் தம்பி ஒரு குடிகாரனை வெச்சு அரை நிமிஷத்துல முடிச்சுட்டாரு. அன்னிக்குக் கச்சேரியில மைக்கைப் பிடிச்சுக் கால் மணி நேரம் பேசினவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்னா, இவரு "அடி பாரு"ன்னு கோலைக் கையில குடுத்தாரு. சர்க்கரை இறங்கும்னு சொன்னவரு எங்க கையில என்ன குடுத்தாரு? ஒண்ணுமில்ல. நம்பணும், அவ்வளவுதான்.

இதே மாதிரி ஒண்ணு 2019 டிசம்பர் 26. ஞாபகம் இருக்கா? கோயம்புத்தூர், கரூர், திருச்சிப் பக்கமெல்லாம் சூரியன் வளையமா தெரிஞ்ச கிரகணம். சென்னையில முக்கால்வாசிக்கு மேல மறைஞ்சுது. கச்சேரி சீசன் உச்சத்துல இருக்கிற நேரம், நான் காலையில ஒரு லெக்-டெமுக்கு (பேசிப் பாடிக் காட்டி விளக்கற நிகழ்ச்சி) போறதா இருந்தேன். தெருவுல இறங்கினா வேப்பமரத்தடியில தரையெல்லாம் பிறை பிறையா வெளிச்சம்! இலைக்கு நடுவுல இருக்கிற ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குட்டி கேமரா. போகவே மனசு வரல. ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டாந்து விரிச்சோம். "வெளிய வராதீங்க"ன்னு கத்திக்கிட்டிருந்த எதிர்வீட்டு அக்கா கூட, கதவிடுக்குல இருந்து எட்டிப் பார்த்து, அப்புறம் படியில, அப்புறம் வேட்டி பக்கத்துல. வானத்தைப் பார்க்காம தரையைப் பார்த்தா கண்ணுக்கு ஒரு ஆபத்தும் இல்லைன்னு சொன்னதும்தான் தைரியம் வந்துச்சு.

அந்த அக்காதான் அன்னிக்கு உலக்கையைத் தாம்பாளத்துல நிக்க வெச்சாங்க. கிரகண நேரத்துல மட்டும்தான் நிக்குமாம். நின்னுச்சு. எல்லாரும் கை தட்டினோம். மறுநாள் நான் போய், "அக்கா, சும்மா ஒரு தடவை இன்னிக்கும் வெச்சுப் பாருங்களேன்"ன்னேன். நின்னுச்சு. அக்கா உலக்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "அப்போ நேத்து நான் சாப்பிடாம இருந்தது?"ன்னாங்க. எனக்குப் பதில் தெரியல. காபி குடுத்தாங்க, குடிச்சுட்டு வந்துட்டேன்.

எங்க சென்னைக்கு ஒரு கொடுப்பினை உண்டு, கவனிச்சிருக்கீங்களா? வேளச்சேரியில பறக்கும் ரயில் ஏறுங்க. தரமணியில கணித அறிவியல் நிறுவனம். கோட்டூர்புரத்துல பிர்லா கோளரங்கம். திருமயிலையில இறங்கினா சபாக்கள். எல்லாம் ஒரே தண்டவாளம். அந்தத் தரமணிக்காரங்க மியூசிக் அகாடமி மேடையிலேயே 'சயின்ஸ் அட் தி சபா'ன்னு ஒரு நிகழ்ச்சி நடத்தறாங்க. பாடறவங்க உக்கார்ற மேடையில கணக்குக்காரங்களும் இயற்பியல்காரங்களும் பேசறாங்க, யார் வேணும்னாலும் போய்க் கேட்கலாம். (மியூசிக் அகாடமி பிறந்ததும் 1928, ராமன் விளைவும் 1928. என்ன பொருத்தம்!) எனக்கு ஒரே ஒரு பேராசைதான். அங்க ஒரு தடவை ஒரு மிருதங்கம் செய்யறவரும் ஒரு பறைத் தம்பியும் இயற்பியல்காரர் பக்கத்துல சமமா உக்காந்து பேசணும். தமிழ்ல. நடுவுல கீரை வடை.

அறிவியலைச் சொல்லிட்டு ஒரு புலம்பலைச் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது. சத்தம்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கல்லூரி மைதானத்துல கச்சேரி. ஆர்வக் கோளாறுல ஸ்பீக்கருக்கு முன்னாடி போய் நின்னுட்டேன். வீட்டுக்கு வந்தா காதுக்குள்ள 'ஙீஈஈ'ன்னு ஒரு சில்வண்டு. மூணு நாள் போகல. பயந்துட்டேன். அடுத்த தடவை பஞ்சை வெச்சுக்கிட்டுப் போனேன். சுத்த வேஸ்ட், ஜாக்கெட்டுக்கு ஜரிகை மாதிரி அழகுக்குத்தான். அப்புறம் மருந்துக் கடையில நுரை மாதிரி காதடைப்பான் வாங்கினேன். உருட்டிச் சின்னதாக்கி, காதை மேல இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, அது விரியற வரைக்கும் பிடிச்சிருக்கணும். (முதல் மூணு தடவை சும்மா சொருகிட்டு, கம்பெனிக்காரனைத் திட்டினேன். தப்பு என்னோடது.) பாட்டு நல்லாவே கேட்குது. சில்வண்டு வரல.

டெசிபல் கணக்கு கொஞ்சம் நயவஞ்சகமானது. 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் தாங்கும்னா, 88ல நாலு மணி நேரம்தான். மூணு மூணா ஏற ஏற நேரம் பாதி பாதியா குறையும். 100க்கு வந்தா வெறும் 15 நிமிஷம். கச்சேரியோ மூணு மணி நேரம். உலக சுகாதார நிறுவனமே 2022ல, இசை அரங்குல சராசரி 100ஐத் தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. நம்ம ஊர்ல ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000லயே விதி இருக்கு. பத்து மணி வரைக்கும் காது என்ன கதின்னு யாரும் கேட்கறதில்ல. காசில்லாத வைத்தியம் ஒண்ணு சொல்றேன்: திறந்தவெளியில ஸ்பீக்கர்ல இருந்து நிக்கிற தூரத்தை ரெண்டு மடங்கா ஆக்குங்க. ஆறு டெசிபல் பக்கம் குறையும். செல்ஃபி சரியா வராது. பரவாயில்ல.

பெரியப்பா கதைக்கு வர்றேன்.

அந்த விநாழிகைப் பதிலுக்கு அப்புறம் ரெண்டு நாள் குரூப்ல ஆளையே காணோம். கோச்சுக்கிட்டாரோன்னு எனக்கு உறுத்தல். பெரிய மனுஷன், எல்லார் முன்னாடியும் அப்படி எழுதியிருக்க வேண்டாம். மூணாம் நாள் சமாதானமா இருக்கட்டும்னு என் ரவை வீடியோவை அவருக்கு மட்டும் தனியா அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு. பதில் இல்ல.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன்.

"ஏம்மா, எந்தக் கிண்ணத்துல வெச்சே?"

"சின்ன எவர்சில்வர் கிண்ணம் பெரியப்பா. ஏன்?"

"இல்ல, நான் பொங்கல் பானையில கட்டினேன். 432 வெச்சேன், வரல. 440ம் வரல. உன் பெரியம்மா பின்னாடி நின்னு 'ஐயோ'ன்னு கத்தினா பாரு, அப்போ சூப்பரா ஒரு வட்டம் வந்துச்சும்மா!"

பின்னாடி பெரியம்மா குரல், தெளிவா: "வர்றப்போ ஒரு கிலோ ரவை வாங்கிட்டு வரச் சொல்லுங்க. வீடு முழுக்க இருக்கு, டப்பாவுல ஒண்ணுமில்ல."